வங்கி ஸ்டேட்மென்ட் கணக்கு மென்பொருளில் ஏற மறுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மாதம் பிறந்ததும் வங்கித் தளத்தில் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, குனுகேஷ், ஹோம்பேங்க், கேமைமணி என்று ஏதோ ஒரு வீட்டுக் கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர் வங்கிகள் தருவது பெரும்பாலும் பிடிஎஃப், எக்செல், அதிர்ஷ்டம் இருந்தால் சிஎஸ்வி (அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு). மென்பொருள் கேட்பது ஒழுங்கான சிஎஸ்வி, அல்லது கணக்கு மென்பொருள்களுக்கென்றே உள்ள கியூஐஎஃப், ஓஎஃப்எக்ஸ் வடிவங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது வரும் கோளாறுகள் பல மாதிரி தெரிந்தாலும், என்னிடம் வரும் கோப்புகளில் திரும்பத் திரும்ப வருபவை கீழே உள்ளவைதான். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

## கை வைக்கும் முன்

இறக்கிய கோப்பை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். கீழே பாதி இடங்களில் "அசல் கோப்புக்குத் திரும்பிப் போங்கள்" என்றுதான் சொல்லப்போகிறேன். அசல் கெட்டிருந்தால் போக இடமில்லை.

சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறக்காதீர்கள். திறந்த உடனேயே தேதியையும் நீளமான எண்களையும் அது தன் இஷ்டப்படி மாற்றிவிடும். சேமித்தால் அந்த மாற்றம் நிலைத்துவிடும். சும்மா பார்க்க நோட்பேட் போதும். அட்டவணையாகப் பார்க்க லிப்ரே ஆபீஸ் கால்க் நல்லது. திறக்கும் முன்பே எந்தப் பத்தியை (அட்டவணையின் செங்குத்து வரிசையை) எப்படிப் படிக்க வேண்டும் என்று அது கேட்கும்.

இருப்புப் பத்தியை நீக்காதீர்கள். மென்பொருளுக்கு அது தேவையில்லை என்று பலர் முதல் வேலையாக அதைத்தான் அழிக்கிறார்கள். மாற்றியது சரியா தவறா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அது. எப்படி என்பது இருப்புப் பகுதியில் வருகிறது.

கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புக்கும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். குனுகேஷில் எக்ஸ்எம்எல் வடிவில் வைத்திருந்தால், ஏற்றியது தவறாகிப் போனாலும் சேமிக்காமல் மூடித் தப்பிக்கலாம். எஸ்க்யூலைட் வடிவில் வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றமும் அப்போதே எழுதப்பட்டுவிடும், பின்வாங்க வழியில்லை.

## கோப்பு திறக்கவே இல்லை

### கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது

கூடவே வந்த மின்னஞ்சலில் கடவுச்சொல் எப்படி அமையும் என்று எழுதியிருக்கும். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும் என்பது பரவலான வழக்கம். சில வங்கிகள் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்கும்.

நம் பெயர்களில் தகராறு இனிஷியலால் வரும். "முதல் நான்கு எழுத்து" என்பது வங்கிப் பதிவில் பெயர் எப்படி இருக்கிறதோ அதன் முதல் நான்கு எழுத்து. இனிஷியல் முன்னால் இருந்தால் அதையும் சேர்த்து ஒரு தடவை, விட்டுவிட்டு ஒரு தடவை, புள்ளியோ இடைவெளியோ போட்டு ஒரு தடவை முயன்று பாருங்கள். கூட்டுக் கணக்கு என்றால் முதலில் பெயர் உள்ளவரின் பிறந்த தேதி. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதையும் கவனியுங்கள்.

திறந்த பிறகு, உலாவியில் அச்சிடும் கட்டளைக்குப் போய் "பிடிஎஃப் ஆகச் சேமி" கொடுத்தால் பூட்டில்லாத நகல் கிடைக்கும். மற்ற கருவிகளுக்கு அந்த நகலைக் கொடுங்கள்.

### "கோப்பின் வடிவமும் பெயரும் ஒத்துப்போகவில்லை" என்கிறது

கோப்பின் பெயர் எக்செல் என்று முடியும், உள்ளே இருப்பது எக்செல் இல்லை. வங்கித் தளங்களில் இது சர்வ சாதாரணம். நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள்.

எழுத்துகள் தெளிவாகப் படிக்க வருகின்றன, இடையிடையே அகலமான இடைவெளி இருக்கிறது என்றால், அது டேப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. பெயரின் வாலை சிஎஸ்வி என்று மாற்றி, கால்க்கில் திறக்கும்போது பிரிப்பானாக டேப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கோண அடைப்புக்குறிகளும் "டேபிள்" போன்ற சொற்களும் தெரிந்தால் அது ஒரு வலைப்பக்கம். உலாவியில் திறந்து, அட்டவணையை மட்டும் நகலெடுத்து கால்க்கில் ஒட்டலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் அட்டவணை இல்லாமல் வங்கியின் உள்நுழைவுப் பக்கம் வந்தால், இறக்கும்போது அமர்வு காலாவதியாகிவிட்டது என்று பொருள். மறுபடி உள்ளே போய் இறக்குவதுதான் வழி.

முதல் இரண்டு எழுத்து "பிகே" என்று இருந்தால் அது உண்மையான புதிய எக்செல் கோப்பு. அப்படியும் திறக்கவில்லை என்றால் இறக்கம் பாதியில் நின்றிருக்கும். முதலிலிருந்தே புரியாத குப்பை எழுத்தாக இருந்தால் பழைய எக்செல் வடிவம், அல்லது கடவுச்சொல் போட்ட எக்செல். இரண்டையும் லிப்ரே ஆபீஸ் திறக்கும்.

## பிடிஎஃப் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை

முதலில் செலவில்லாத வழி. கைபேசிச் செயலியில் பிடிஎஃப் மட்டும் தரும் வங்கி, கணினியில் நெட்பேங்கிங் தளத்தில் எக்செல்லும் தரக்கூடும். அங்கே "மின்னஞ்சல் ஸ்டேட்மென்ட்" என்ற இடத்தில் தேடாமல் "கணக்கு நடவடிக்கை" போன்ற இடத்தில் தேடுங்கள். ஒரு வருடத்துக்குக் கேட்டால் பிடிஎஃப் மட்டும் என்று சொல்லி, மூன்று மாதத்துக்குக் கேட்டால் எல்லா வடிவத்தையும் காட்டும் தளங்களும் உண்டு.

அப்படியும் இல்லையா? பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

எழுத்து தேர்வாகிறது. டபுலா என்ற இலவசக் கருவி போதும். உலாவியில் திறந்தாலும் அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுவது, கோப்பு வெளியே போகாது. அட்டவணையில் கட்டம் போட்டிருந்தால் லாட்டிஸ் முறை, கோடில்லாமல் இருந்தால் ஸ்ட்ரீம் முறை. எடுத்து முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் பிடிஎஃப்போடு ஒப்பிடுங்கள். பரிவர்த்தனை தொலைந்துபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எழுத்து தேர்வாகவில்லை. அது படம். பாஸ்புக்கை ஸ்கேன் எடுத்தது போன்றவை இந்த ரகம். டெசராக்ட் போன்ற எழுத்துணரியில் கொடுத்தால் அட்டவணை மாதிரி ஏதோ வரும், ஆனால் 3 எட்டாகும், 1 ஏழாகும், 5 ஆறாகும். இருப்புச் சோதனை செய்யாமல் இதை ஏற்றவே கூடாது. ஒன்றிரண்டு பக்கம்தான் என்றால் கையால் தட்டச்சு செய்வதே சீக்கிரம் முடியும்.

இணையத்தில் "ஸ்டேட்மென்ட்டை இங்கே ஏற்றுங்கள், எக்செல் தருகிறோம்" என்ற தளங்கள் நிறைய. நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பெயர், முகவரி, கணக்கு எண், யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற முழு ஜாதகமும் அந்த ஒரு கோப்பில் இருக்கிறது. கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால் பிறந்த தேதியும் போய்விட்டது.

"அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்று ஒன்று வந்ததே, அதில் நேராக எடுக்க முடியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில், ரிசர்வ் வங்கி, செபி போன்ற ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் பதிவான நிறுவனங்கள் மட்டுமே உங்கள் சம்மதத்தோடு தரவைப் பெற முடியும். வீட்டுக் கணினியில் இருக்கும் குனுகேஷ் அந்தப் பட்டியலில் வராது.

## பத்திகள் இடம் மாறி நிற்கின்றன

எல்லா வரியும் ஒரே பத்தியில். பிரிப்பான் தவறு. காற்புள்ளி, அரைப்புள்ளி, டேப் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். வேலை முடிந்தது.

மேலே இருக்கும் வரிகள் மட்டும் கோணல். பெயர், முகவரி, கிளை, ஐஎஃப்எஸ்சி என்று தலைப்பு வரிகள், அதன் கீழ் நட்சத்திரக் கோடு, கடைசியில் "கையெழுத்து தேவையில்லை" என்ற குறிப்பு. இவற்றை அழிக்கக்கூடத் தேவையில்லை. குனுகேஷின் சிஎஸ்வி திரையில் தொடக்கத்தில் எத்தனை வரி, முடிவில் எத்தனை வரி தவிர்க்க வேண்டும் என்று எண் கொடுக்க இடம் உண்டு. பத்தி அமைப்போடு சேர்த்து அதை ஒரு பெயரில் சேமித்துவிட்டால் அடுத்த மாதம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் சில வரிகள் மட்டும் வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கின்றன. விவரப் பத்தியில் காற்புள்ளி வந்திருக்கும், அல்லது தொகை மேற்கோள் குறி இல்லாமல் 1,25,000.00 என்று எழுதப்பட்டு மூன்று துண்டாகியிருக்கும். அதே காலத்துக்கு எக்செல் வடிவமோ டேப் வடிவமோ கிடைத்தால் அதை எடுங்கள், இதோடு மல்லுக்கட்டாதீர்கள். கிடைக்கவில்லை என்றால், தள்ளிப்போன வரிகளை மட்டும் வடிகட்டி கையால் இழுத்துச் சேருங்கள்.

ஒரு பரிவர்த்தனை இரண்டு வரியாக உடைந்திருக்கிறது. விவரத்துக்குள் வரி முறிவு இருக்கிறது. தேதிப் பத்தி காலியாக உள்ள வரிகளை வடிகட்டினால் அத்தனையும் பிடிபடும். மேல் வரியின் விவரத்தோடு ஒட்டிவிட்டு, கீழ் வரியை நீக்குங்கள். நீக்கும் முன் அந்த வரியில் தொகை ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டபுலா சில சமயம் தொகையைக் கீழ் வரியில் கொண்டுபோய் வைக்கும்.

## தேதி புரண்டிருக்கிறது

கெட்டதே தெரியாமல் உள்ளே ஏறிவிடும் கோளாறு இது. அதனால்தான் ஆபத்து.

ஏப்ரல் மாத ஸ்டேட்மென்ட்டை ஏற்றியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். குனுகேஷில் பார்த்தால் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று வருடம் முழுக்க ஒவ்வொரு மாதமும் நான்காம் தேதி பரிவர்த்தனைகள் நிற்கும். 01/04 என்பதை அமெரிக்க வழக்கப்படி ஜனவரி 4 என்று படித்ததன் விளைவு. 13/04 முதல் வருபவற்றுக்கு 13ஆம் மாதம் கிடையாது என்பதால், அவை தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்று, ஏற்றும்போது பிழை காட்டும். "பாதி வரி ஏறியது, பாதி ஏறவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது தேதியைப் பற்றித்தான்.

உறுதி செய்ய: கால்க்கிலோ எக்செல்லிலோ தேதிப் பத்தியைப் பாருங்கள். சீரமைப்பு எதையும் நீங்கள் மாற்றாதபோது சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும், சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால் இந்தக் கோளாறுதான். வலப்பக்கம் நிற்பவை தேதியாக மாறியவை, இடப்பக்கம் நிற்பவை எழுத்து.

புரண்ட தேதிகளைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். 05/04 என்று கிடக்கும் ஒன்று புரண்டதா புரளாததா என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அசல் கோப்புக்குப் போய், கால்க்கில் திறக்கும் திரையில் தேதிப் பத்தியைத் தேர்ந்து "நாள்-மாதம்-வருடம்" வகை கொடுங்கள். திறந்ததும் பத்தி முழுவதையும் 2025-04-01 என்ற பாணிக்கு வடிவமைத்துச் சேமித்து, குனுகேஷிலும் வருடம்-மாதம்-நாள் என்றே தேர்ந்தெடுங்கள். இந்தப் பாணியை யாரும் தவறாகப் படிக்க வழியில்லை. கணினியின் வட்டார அமைப்பை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மாதம் ஆங்கிலப் பெயரில் வந்து அது தேதியாக மாறவில்லை என்றாலும், திறக்கும் திரையில் மொழியை ஆங்கிலம் (இந்தியா) ஆக்கிப் பாருங்கள்.

கியூஐஎஃப் கோப்பில் தேதி எந்த வரிசை என்று சொல்ல இடமே கிடையாது. அதனால் குழப்பம் வந்தால் மென்பொருள் உங்களைத்தான் கேட்கும். அவசரத்தில் "சரி" அழுத்திவிடாதீர்கள்.

## தொகை பூஜ்யமாகிறது, அல்லது "படிக்க முடியவில்லை" என்கிறது

பெரும்பாலும் எண்ணோடு எண்ணல்லாத ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

லட்சக் காற்புள்ளி. 1,25,000 என்று நாம் எழுதும் முறை, ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளி என்றே பழகிய மென்பொருளுக்குப் புரியாது. தொகைப் பத்திகளைத் தேர்ந்து, காற்புள்ளி அத்தனையையும் தேடி நீக்கிவிடுங்கள். ரூபாய்க் குறியையும் அப்படியே. எண்ணில் புள்ளி மட்டும் மிஞ்ச வேண்டும்.

காலி இடத்தில் ஒரு சிறு கோடு. பற்று இல்லாத வரியில் வங்கி அழகுக்குப் போட்டது. கட்டம் முழுவதும் கோடு மட்டுமே உள்ளவற்றைத் தேடிக் காலியாக்குங்கள். எல்லாக் கோட்டையும் நீக்கினால் உண்மையான கழித்தல் குறியும் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், கூட்டினால் பூஜ்யம் வரும். வலைப்பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒட்டியதில் வரும் முறியா இடைவெளி இது. சாதாரண இடைவெளியைத் தேடினால் அகப்படாது. ஒரு கட்டத்துக்குள் போய் எண்ணின் பின்னால் உள்ள வெற்றிடத்தை மட்டும் தேர்ந்து நகலெடுத்து, தேடும் பெட்டியில் ஒட்டி, எல்லாவற்றையும் காலியால் மாற்றுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் "டிஆர்" (பற்று), "சிஆர்" (வரவு). ஒரே தொகைப் பத்தி தரும் வங்கிகளில் இப்படி வரும். டிஆர் உள்ளவற்றை வடிகட்டி முன்னால் கழித்தல் போட்டுவிட்டு, பிறகு அந்த எழுத்துகளை நீக்குங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் எது பற்று எது வரவு என்ற தடயமே போய்விடும்.

## பரிவர்த்தனை எண்ணின் வால் பூஜ்யமாகிவிட்டது

யூபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம். எக்செல்லின் பொது வடிவம் 11 இலக்கத்துக்கு மேல் போனால் எண்ணைச் சுருக்கி, நடுவில் "ஈ" என்ற ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் போட்டுக் காட்டும். திரையில் மட்டும் என்றால் பரவாயில்லை. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்பில் போகும், மீதி இலக்கங்கள் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட கணக்கு எண் என்றால் திறக்கும்போதே கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். ஆறு இலக்கக் காசோலை எண்ணில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்வதும் இதே கதைதான்.

போனதை மீட்க முடியாது. அசலுக்குப் போய், திறக்கும்போதே அந்தப் பத்திக்கு "எழுத்து" வகை கொடுங்கள்.

## தமிழ் எழுத்துகள் சிதைந்து வருகின்றன

குறிப்புப் பத்தியில் தமிழில் எழுதி வைப்பவர்களுக்கு இது. எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும்.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில "ஏ"யும், வட்டத்துக்குள் "ஆர்" போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது. படிக்கும் முறைதான் தவறு. ஏற்றும்போது எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 ஆக்கினால் தமிழ் வந்துவிடும்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்து அழிந்தேவிட்டது. எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருப்பீர்கள். அசலைத் திறந்து "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற வகையில் சேமியுங்கள். அப்படிச் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்துகொள்ளும். சில மாற்றுக் கருவிகள் அதனால் முதல் பத்தியின் தலைப்பை அடையாளம் தெரியாமல் விழிக்கும். நோட்பேடில் திறந்து, அந்தக் குறி இல்லாத யூடிஎஃப்-8 ஆக மறுபடி சேமித்தால் போதும்.

## வரவு எல்லாம் செலவாகவும், செலவு எல்லாம் வரவாகவும்

குனுகேஷில் வரவுப் பத்திக்கு "அமௌன்ட்" என்றும், பற்றுப் பத்திக்கு அதன் எதிர்மறை வகையான "அமௌன்ட் நெகேட்டட்" என்றும் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் சம்பளம் செலவாகிவிடும்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. வங்கி எழுதுவது வங்கியின் கணக்கு. நீங்கள் போட்ட பணம் அவர்களுக்குக் கடன், அதனால் "கிரெடிட்". உங்கள் புத்தகத்தில் அதே பணம் சொத்து, அதனால் "டெபிட்" பக்கம் ஏறும். குனுகேஷ் விருப்பத் திரையில் கணக்கியல் பெயர்கள் வேண்டுமா, சாதாரணப் பெயர்கள் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். ஏற்றும் வேலைக்கு வங்கியின் பெயரை நம்பாதீர்கள். சம்பள வரியைப் பாருங்கள், இருப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் வாங்கியது கூட்டல், கட்டியது "சிஆர்" என்று வரும். அங்கே எல்லாவற்றையும் திருப்ப வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பத்தி அமைப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், சேமிப்புக் கணக்கின் அமைப்பை மறந்தும் அதற்குப் போடாதீர்கள்.

ஹோம்பேங்க் என்றால் ஒரே தொகைப் பத்திதான், செலவுக்கு முன்னால் கழித்தல். பிரிப்பான் அரைப்புள்ளி.

## வரிகள் இரட்டிப்பாகின்றன, அல்லது ஏறாமல் மறைகின்றன

இரட்டிப்பு. மார்ச்சை ஏற்கெனவே ஏற்றிவிட்டு, மார்ச் 25 முதல் ஏப்ரல் 30 வரை இறக்கினால் மார்ச்சின் கடைசி வாரம் மறுபடி வருகிறது. குனுகேஷ் தேதியும் தொகையும் பார்த்து ஒப்பிட்டு, ஏற்கெனவே இருப்பதாகத் தோன்றும் வரியைக் காட்டும். ஆனால் கடைசிச் சொல் உங்களுடையதுதான். ஏற்றும் திரையில் வரிக்கு வரி கண் ஓட்டுங்கள். எப்போதும் ஒன்றாம் தேதி முதல் கடைசித் தேதி வரை மட்டும் இறக்குவது இதற்கு நல்ல மருந்து.

உங்கள் சொந்தக் கணக்குகள் இரண்டுக்கு இடையே அனுப்பிய பணம் இரண்டு ஸ்டேட்மென்ட்டிலும் வரும். முதல் கணக்கை ஏற்றும்போதே எதிர்க் கணக்கு எது என்று சரியாகக் கொடுத்திருந்தால், இரண்டாவதை ஏற்றும்போது அது பொருந்திக்கொள்ளும். கொடுக்காமல் விட்டால் "இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்" என்ற கணக்கில் போய்ச் சேர்ந்து, பிறகு இரண்டாம் முறையும் பதிவாகும். அந்தக் கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

ஒரே நாளில் ஒரே தொகை, ஒன்று மட்டும் ஏறுகிறது. காலையிலும் மாலையிலும் அதே கடையில் இருபது ரூபாய் யூபிஐ. கையால் ஒன்றை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் இரண்டுமே அதோடு பொருந்தப் பார்க்கும். ஏற்றும் திரையில் இரண்டாவதைப் "புதியது" என்று மாற்றுங்கள். யூபிஐ எண்ணைப் பரிவர்த்தனை எண் பத்தியில் கொண்டுவந்திருந்தால் எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

முதல் மாதம் ஏறியது, இரண்டாம் மாதம் ஒன்றுமே ஏறவில்லை. ஓஎஃப்எக்ஸ் கோப்பு, அதுவும் வீட்டிலேயே ஏதோ கருவியில் மாற்றியது என்றால் அநேகமாக இதுதான்: ஓஎஃப்எக்ஸில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கருவி ஒவ்வொரு மாதமும் 1, 2, 3 என்று புதிதாக எண் போட்டால், "இவை ஏற்கெனவே என்னிடம் இருக்கின்றனவே" என்று குனுகேஷ் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். தேதி, தொகை, யூபிஐ எண் சேர்த்து அடையாளம் உருவாக்கும்படி கருவியை மாற்றுங்கள். அது உங்களால் ஆகாது என்றால் ஓஎஃப்எக்ஸை விட்டுவிட்டு சிஎஸ்விக்கு வாருங்கள்.

வேறு கணக்கில் போய் ஏறுகிறது. முதல் தடவை தவறான கணக்கைக் காட்டியதை மென்பொருள் நினைவில் வைத்திருக்கிறது. குனுகேஷின் கருவிகள் பட்டியலில் உள்ள இம்போர்ட் மேப் எடிட்டரில் அந்த இணைப்பை அழித்தால் மறுபடி கேட்கும்.

## இருப்பு ஒத்துவரவில்லை

எல்லாம் ஏறிவிட்டது, கடைசி இருப்பு மட்டும் வங்கியோடு சேரவில்லை. மென்பொருளுக்குள் தேடாதீர்கள். முதலில் ஏற்றிய அட்டவணையைச் சோதியுங்கள்.

இருப்புக்குப் பக்கத்தில் புதிய பத்தி ஒன்று. அதில் சூத்திரம்: முந்தைய வரியின் இருப்பு, கழித்தல் இந்த வரியின் பற்று, கூட்டல் இந்த வரியின் வரவு, கழித்தல் இந்த வரியின் இருப்பு. கீழே வரை இழுத்துவிடுங்கள். எல்லா வரியிலும் பூஜ்யம் வர வேண்டும். பைசாவுக்கும் கீழே ஏதோ தூசி தெரிந்தால் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிக்கொள்ளுங்கள். எல்லா வரியிலும் பூஜ்யமில்லாமல் வந்தால், உங்கள் வங்கி புதியதை மேலே வைத்துத் தருகிறது. "முந்தைய வரி" கீழே இருக்கிறது, சூத்திரத்தைத் திருப்புங்கள்.

பிறகு பூஜ்யம் அல்லாத வரியைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

ஒரே வரியில் 450 வந்து, மற்றதெல்லாம் பூஜ்யம் என்றால், அந்த வரிக்கும் முந்தைய வரிக்கும் நடுவே 450 ரூபாய் பற்று ஒன்று தொலைந்திருக்கிறது. பக்க எல்லையா என்று பாருங்கள்.

வரியின் தொகை 640, வித்தியாசம் 1,280. சரியாக இரண்டு மடங்கு. பற்று வரவுப் பத்தியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே எண், ஒன்றில் கூட்டல், ஒன்றில் கழித்தல். தொகையில் தவறில்லை, முதல் வரியின் இருப்பைத்தான் எழுத்துணரி தவறாகப் படித்திருக்கிறது. மென்பொருளுக்கு இருப்பு போகாது என்பதால் கவலை வேண்டாம்.

ஒரே வரியில் 50, 300, 500 போல ஒரே ஓர் இலக்கம் தவிர மற்றவை பூஜ்யமான வித்தியாசம் வந்தால் தொகையில் ஒரு இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம்.

அட்டவணை முழுக்க பூஜ்யம், மென்பொருளில் மட்டும் சேரவில்லையா? அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டியவை இந்த வரிசையில்: தொடக்க இருப்பைப் பதியவே இல்லை (எல்லாத் தேதியிலும் ஒரே வித்தியாசம் இருக்கும்), கையால் எழுதிய பதிவும் ஏற்றிய பதிவும் இரண்டும் நிற்கின்றன, கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை, ஏற்கெனவே சரிபார்த்து முடித்த பழைய பதிவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சேமிப்புக் கணக்கில் மிஞ்சிய பணம் தானாக வைப்பு நிதிக்குப் போகும் வசதி இருந்தால், செயலியில் காட்டும் மொத்தம் வைப்பையும் சேர்த்துக் காட்டும். அதை வைத்து ஒப்பிட்டால் காலத்துக்கும் சேராது. ஸ்டேட்மென்ட்டின் இருப்புப் பத்தியோடு ஒப்பிடுங்கள். வைப்புக்கு மென்பொருளில் தனிக் கணக்கு தொடங்கி, போக்குவரத்தை அங்கே எழுதுங்கள்.

கையால் தட்டிய கணக்கென்றால் பழைய கணக்கப்பிள்ளைகளின் இரண்டு சோதனைகள் இன்றும் பலிக்கும். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள், பக்கம் மாறி எழுதியிருப்பீர்கள். வித்தியாசம் 9ஆல் மீதமின்றி வகுபட்டால் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம், 540க்குப் பதில் 450 மாதிரி.

## எப்போது இன்னொருவரிடம் போக வேண்டும்

வங்கியிடம்: அசல் கோப்பிலேயே, எதையும் தொடாமல், இருப்புச் சோதனை தோற்கிறது என்றால் முதலில் வடிகட்டி எதுவும் இல்லாமல் மறுபடி இறக்கிப் பாருங்கள். பற்று மட்டும், யூபிஐ மட்டும் என்று தேர்ந்து இறக்கியிருந்தால் இப்படித்தான் வரும். அப்படியும் தோற்றால் கிளைக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நீங்கள் செய்யாத பரிவர்த்தனை ஒன்று கண்ணில் பட்டால் மாற்று வேலையை அப்படியே போட்டுவிட்டு, முதலில் வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள், மோசடி என்று தெரிந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கும் அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத இடத்தில், வங்கித் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. நாள் தள்ளத் தள்ள அந்தப் பாதுகாப்பு குறையும்.

நிரல் எழுதத் தெரிந்தவரிடம்: பல வருட பிடிஎஃப், பல கணக்கு, ஒவ்வொன்றும் வேறு வடிவம் என்றால் கையால் செய்வது கட்டுப்படியாகாது. ஒரு வங்கிக்கு ஒரு சிறு நிரல் எழுதச் சொல்லலாம். பெயரும் எண்ணும் மாற்றிய பத்து வரி மாதிரியைக் கொடுங்கள், முழு ஸ்டேட்மென்ட்டைக் கொடுக்காதீர்கள். நிரல் உங்கள் கணினியில் ஓட வேண்டும், இருப்புச் சோதனையை அதுவே செய்து தோற்ற வரியைக் காட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆடிட்டரிடம்: வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்திருந்தாலோ, வருமான வரிக்காக இந்தக் கணக்கைக் காட்டப்போகிறீர்கள் என்றாலோ, எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை அவர் சொல்லட்டும். போகும்போது மாற்றிய கோப்போடு வங்கியின் அசல் பிடிஎஃப்பையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.